சாம் மலூஃபின் ராக்கிங் சேர்: கவிழ்த்துப் பார்த்து எழுதும் மதிப்புரை

நாற்காலி ஒன்றைக் கவிழ்த்தால் தச்சரின் கண் முதலில் போவது கால்களுக்கு நடுவே ஓடும் குறுக்குச் சட்டத்துக்கு. இடக்காலும் வலக்காலும் விலகாமல், மூட்டு தளராமல் வருஷக்கணக்கில் பிடித்து நிறுத்துவது அதுதான். கலிஃபோர்னியாவின் தச்சுக் கலைஞர் சாம் மலூஃப் செய்த ராக்கிங் சேரில் அந்தச் சட்டம் கிடையாது. ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் கீழே, தரையில் உருண்டு ஆடும் வளைசட்டம் இணைக்கிறது. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பவை இருக்கைப் பலகையும் முதுகின் உச்சியில் உள்ள தலைச்சட்டமும் மட்டுமே. எண்பது கிலோ ஆள் உட்கார்ந்து ஆடும்போது வரும் முறுக்கில் பெரும்பகுதி, இருக்கையோடு கால் சேரும் நான்கு இடங்களில் போய் இறங்குகிறது. இந்த நாற்காலியின் வடிவம், விலை, நகல்களில் வரும் கோளாறு எல்லாவற்றுக்கும் விளக்கம் அந்த நான்கு மூட்டுகளில் கிடைக்கும்.

இன்றைக்கு ‘மலூஃப் ராக்கர்’ என்ற பேரில் மூன்று விதமான பொருள் கிடைக்கிறது. மலூஃப் பட்டறையில் செய்து, அவர் கையெழுத்துப் போட்ட அசல் ஒன்று. அவர் பாணியில் சிறு பட்டறைகள் ஆர்டருக்குச் செய்து தருவது இன்னொன்று. மூன்றாவது, வரைபடமும் டெம்ப்ளேட்டும் வாங்கி நாமே செய்துகொள்வது. மூன்றையும் ஒரே அளவுகோலால் பார்க்கலாம்: மூட்டு, முதுகு, வளைசட்டம், பூச்சு. இந்த வரிசை முக்கியம். பார்ப்பவர்கள் பெரும்பாலும் பூச்சின் பளபளப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில் மூட்டு. இருக்கைப் பலகை ஏறக்குறைய இரண்டு அங்குலத் தடிமன். கால் வர வேண்டிய இடத்தில் பலகையின் விளிம்பில் சதுரமாக ஒரு வெட்டு எடுக்கிறார்கள். பிறகு அந்த வெட்டின் ஓரத்தைச் சுற்றி, மேல்பக்கமும் அடிப்பக்கமும், ரவுட்டரில் (சுழலும் பிட்டால் மரத்தை வெட்டும் கைமெஷின்) படி வெட்டும் ரிபேட் பிட்டைப் போட்டுச் சற்று உள்வாங்கி ஒரு படி எடுக்கிறார்கள். நடுவில் ஒரு நாக்கு மிஞ்சுகிறது. காலில் அந்த நாக்கின் தடிமனுக்குச் சரியாக மூன்று முகங்களிலும் காடி, அதாவது பள்ளம், எடுக்கிறார்கள். காலைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளினால் நாக்கு காடிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கால் மேலேயும் நகராது, கீழேயும் இறங்காது, முன்பின்னாகவும் திரும்பாது.

இதில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. ரவுட்டர் பிட் சுழன்று வெட்டுவதால் படியின் உள்மூலை சதுரமாக வராது, அரை அங்குல ஆரத்தில் உருண்டு நிற்கும். அதை உளியால் சதுரமாக்க வேண்டியதில்லை. காலின் நெட்டு விளிம்புகளை அதே அரை அங்குல ஆரமுள்ள ரவுண்ட்-ஓவர் பிட்டால் உருட்டிவிட்டால் போதும், இரண்டு வளைவும் இடைவெளியின்றிப் படியும். சதுர மூட்டில் கிடைக்காத இரண்டு லாபம் இதில் உண்டு. பசை பிடிக்கும் பரப்பு கணிசமாகக் கூடுகிறது. மேலும் மூட்டைச் சேர்த்த பிறகு காலையும் பலகையையும் ஒரே தொடர்ச்சியாக ராவிச் செதுக்க முடிகிறது. தண்டிலிருந்து கிளை பிரிவதுபோல் கால் இருக்கைக்குள் கரைந்து போவதாகப் பலரும் வியக்கும் அந்த வடிவம் இப்படித்தான் பிறக்கிறது. சும்மா அழகுக்காக வளைத்ததென்று நினைத்தால் தவறு. அந்த இடத்தில் மரம் கனமாக இருந்தே ஆக வேண்டும். கனமாக விட்டதை உறுத்தாமல் இழைத்து இறக்கியதுதான் மலூஃபின் கலை.

அவர் ஸ்குரூவும் போட்டார். கைவேலை என்றால் இரும்பே படக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கவும், பிறகு இழுவிசைக்குத் துணையாகவும் ஸ்குரூ இருக்கிறது. அதன் தலையைப் பலகைக்குள் இறக்கி, மேலே கருங்காலித் தக்கை அடித்து, வழவழவென்று சமப்படுத்திவிடுவார். வால்நட் மரத்தின் பழுப்பில் அந்தக் கறுப்புப் பொட்டுகள் இன்று இந்தப் பாணியின் அடையாளமாகவே ஆகிவிட்டன. நகல் நாற்காலிகளில் ஸ்குரூவே இல்லாத இடத்தில் அலங்காரத்துக்குத் தக்கை ஒட்டியிருப்பதைக் காணலாம். அது குற்றமில்லை. ஆனால் மூட்டுக்குள் நாக்கும் காடியும் இல்லாமல், சதுர வெட்டில் காலை வைத்து ஸ்குரூவை மட்டும் நம்பி, மேலே தக்கை போட்டு மறைத்திருந்தால் அது ஏமாற்று. அப்படிப்பட்ட நாற்காலி சில வருஷத்தில் பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்கும். குறுக்குச் சட்டம் இல்லாததால் அந்த ஆட்டத்தைத் தடுக்க வேறு எதுவும் கிடையாது.

கண்டுபிடிக்க ஒரு வழி: நாற்காலியைக் கவிழ்த்து இருக்கையின் அடியில் காலைச் சுற்றிப் பாருங்கள். நல்ல மூட்டில் படியின் உருண்ட மூலை அடிப்பக்கத்திலும் தெரியும், சந்தில் விரல்நகம் இறங்காது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த கோடு தெரிந்தால் வேலை சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். அடுத்து, நாற்காலியின் கைகள் இரண்டையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். மரம் சற்று நெளியலாம், சத்தம் வரக்கூடாது.

பின்காலில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். இருக்கை சேரும் இடத்திலும் கை சேரும் இடத்திலும் பின்கால் திடீரென்று பருக்கிறது. அந்தப் பருமனுக்கு ஏற்ற ஒற்றைப் பலகையில் முழுக்காலையும் வெட்டினால் மரம் வீணாகும். அதனால் காலை மெல்லிய பலகையில் வெட்டி, பருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அதே பலகையின் துண்டை ஒட்டிக்கொள்கிறார்கள். துண்டை எடுக்கும்போது ரேகை ஓட்டம் காலோடு ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போனால் செதுக்கிய பிறகு ஒட்டுக்கோடு கண்ணுக்கே தெரியாது. அவசரத்தில் ஏதோ ஒரு துண்டை ஒட்டினால் பூச்சு ஏறியதும் அந்த இடம் வேறு நிறத்தில் திட்டாக எழும். படத்தில் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

கையையும் பின்காலையும் சேர்க்கும் இடம்தான் இந்த நாற்காலியில் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். முன்காலின் உச்சியிலிருந்து கை பின்னோக்கி ஓடுகிறது. முன்பக்கம் உள்ளங்கை அமர அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். பின்னே போகப்போகக் குறுகி, புரண்டு, பின்காலுக்குள் ஏறுகிறது. அந்தப் புரளலின் மேல் கூர்மையான ஒரு வரை, அதாவது முகடுபோன்ற கோடு, ஓடும். விரலை முன்னிருந்து பின்னே இழுத்தால் வழவழப்பான இரண்டு பரப்புகளுக்கு நடுவே அந்த வரை மெல்லத் தொடங்கி, நடுவில் தெளிவாக நின்று, காலில் ஏறியதும் மறைவதை விரலே சொல்லும். மலூஃபின் வேலையைச் சிற்பம் என்று சொல்ல வைப்பது இந்த வரைதான். மரம் முழுவதையும் உருட்டி மழுக்கிவிட்டால் சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். வரை இருந்தால்தான் வளைவுக்கு உயிர் வரும். நகல்களில் முதலில் தொலைவது இதுதான், காரணம் மெஷின் சாண்டர். 150 எண் உப்புத்தாள் வந்ததும் சாண்டரை நிறுத்திவிட்டு, வரைக்கு இரு பக்கமும் தக்கைக் கட்டையில் தாளைச் சுற்றிக் கையால் தேய்க்க வேண்டும். மெஷினை வரைமேல் ஒரு தடவை ஓட்டினால் போதும், பல மணி நேர வேலை மழுங்கிப் போகும்.

மலூஃப் இந்த வடிவங்களைக் காகிதத்தில் வரைந்து முடித்துவிட்டுத் தொடங்குபவர் அல்லர். பட்டறையில் அச்சுகள் தொங்கும். அவற்றை வைத்து வெளிவடிவைக் கோடு கிழித்துக்கொள்வார். அதற்குப் பிறகு பேண்ட்சாவில் (பட்டைபோல் ஓடும் பிளேடுள்ள அறுப்பு மெஷின்), பலகையை மேசையில் முழுதாகப் படுக்க வைக்காமல் கையில் தாங்கி, திருப்பித் திருப்பி வளைவுகளை வெட்டுவார். அந்தக் கைக்கு அது பழகிய வேலை. மற்றவர்கள் இதைப் பின்பற்றவே கூடாது. அடியில் தாங்கல் இல்லாத மரத்தை பிளேடு சட்டென்று கீழே இழுத்தால் விரல் போய்விடும். வீட்டில் செய்பவர்கள் வெளிவடிவை மட்டும் மேசைமேல் படுக்கவைத்து வெட்டிவிட்டு, மிச்சத்தை மர அரம், வளைவான இழைப்புளி, ஸ்கிரேப்பர் கொண்டு இறக்குவதே சரி. நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அவர் வாழ்க்கையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நாற்காலி ஏன் தொழிற்சாலையில் வரவில்லை என்பதற்கு விடை அதில் இருக்கிறது. மலூஃப் 1916-இல் கலிஃபோர்னியாவின் சீனோ ஊரில், லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். தச்சுப் பள்ளிக்குப் போனதில்லை, கிராஃபிக் வேலை செய்தவர். போருக்குப் பிறகு ஓவியர் மில்லர்ட் ஷீட்ஸிடம் உதவியாளராக இருந்தார். 1948-இல் ஆல்ஃப்ரெடாவை மணந்தார். புது வீட்டுக்கு மேசை நாற்காலி வாங்கக் காசில்லாமல், கழித்துப்போட்ட பிளைவுட்டில் தானே செய்ததிலிருந்து தொழில் தொடங்கியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் புகழ்பெற்ற தொழில் வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் கொடுத்த ஆர்டர் பெரிய திருப்பம். கணக்கு வழக்கு, கடிதம், வாடிக்கையாளர் எல்லாவற்றையும் ஆல்ஃப்ரெடா பார்த்துக்கொண்டார். ஆல்டா லோமாவில் எலுமிச்சைத் தோப்புக்கு நடுவே மலூஃப் வீட்டையும் பட்டறையையும் அறை அறையாகத் தானே கட்டிச் சேர்த்தார். கதவுத் தாழ்ப்பாள்கூட மரத்தில் கையால் செதுக்கியது. 210-ஆம் எண் நெடுஞ்சாலை அந்தத் தோப்பு வழியாக வந்தபோது வீட்டை இடிக்காமல் பிரித்து, சில மைல் தள்ளி மறுபடி நிறுத்தினார்கள். இப்போது அது அருங்காட்சியகம்.

1985-இல் அமெரிக்காவில் ‘மேதை விருது’ என்று சொல்லப்படும் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைத்தது. கைவினைஞர் ஒருவருக்கு அது வழங்கப்பட்டது அதுவே முதல் தடவை. ஜனாதிபதிகள் கார்ட்டரும் ரீகனும் அவர் ராக்கிங் சேர் வைத்திருந்தார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் எழுபதுகளின் நடுவில் அவருடைய இருக்கைகளைப் பார்வையாளர்கள் உட்காருவதற்கென்றே வாங்கிப் போட்டது. கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல் உட்கார வைத்தது அவருக்குச் செய்த சரியான மரியாதை. வடிவங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்ய உரிமை கேட்டு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். சில உதவியாளர்களோடு பட்டறையை அதே அளவில் வைத்துக்கொண்டு, 2009-இல் 93 வயதில் இறக்கும்வரை நடத்தினார். உதவியாளர்கள் தேய்ப்பார்கள், பூச்சு போடுவார்கள், மூட்டுச் சேர்ப்பார்கள். வடிவைத் தீர்மானிக்கும் முதல் வெட்டு அவர் கையில் இருந்தது. ரவுட்டர் மூட்டை மெஷின் வெட்டிவிடும். ஆனால் மூட்டைச் சுற்றி எவ்வளவு மரம் விடுவது, எந்த ரேகையில் வரையை எழுப்புவது என்பதை ஒவ்வொரு பலகைக்கும் புதிதாக முடிவு செய்ய வேண்டும்.

முதுகுக்கு வருவோம். தலைச்சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே பெரும்பாலும் ஏழு குச்சிகள். நேராக இருக்காது. கீழிருந்து எழும்பி, இடுப்பின் குழிவு வரும் உயரத்தில் முன்னே வளைந்து, மேலே பின்வாங்கும். அந்த வளைவின் உச்சியில் குச்சி சற்று அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். முதுகெலும்பில் உறுத்தாமல் இடுப்பைத் தாங்குவது அந்தத் தட்டைப் பகுதி. மற்ற இடங்களில் மெலிந்திருப்பதால் சாயும்போது குச்சிகள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். மெத்தை இல்லாத மரநாற்காலியில் ஒரு மணி நேரம் புத்தகம் படிக்க முடிகிறது என்றால் காரணம் இந்த நெகிழ்வும் இருக்கையின் குழிவும்தான்.

குச்சியைச் செய்வதில் இரண்டு வழி. கனமான பலகையில் வளைவாக வெட்டி எடுப்பது ஒன்று. ரேகை வளைவைக் குறுக்கே கடந்தால் அந்த இடத்தில் ஒடியும், அதனால் நேர் ரேகையுள்ள பலகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிந்தி வந்த பல பட்டறைகள் மெல்லிய சீவல்களை அச்சில் வளைத்து ஒட்டிச் செய்கின்றன. ரேகை வளைவோடு ஓடுவதால் ஒடியாது, நெகிழ்வும் கூடுதல். இந்த ஒரு விஷயத்தில் நகல் அசலைவிட மேல் என்று தயங்காமல் சொல்லலாம். சிலர் குச்சியின் மேல்முனைக்குப் பசை போடாமல் துளைக்குள் சும்மா செருகி விடுகிறார்கள். நெகிழ அது உதவும். ஆனால் துளை தளர்ந்தால் வறண்ட காலத்தில் கிரீச்சென்று சத்தம் வரும். ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இருக்கை, நாலைந்து பலகைகளை ஒட்டி எடுத்தது. நடுவே ஓர் அங்குலம்வரை குழிந்து, முன்விளிம்பில் தொடைகளுக்கு நடுவே மெல்ல மேடேறும். கிரைண்டரில் மரம் குடையும் பல்சக்கரத்தைப் போட்டு முதலில் தோண்டுகிறார்கள். சக்கரம் இறங்கிய பள்ளம் மிச்சமிருந்தால் எண்ணெய் பட்டதும் அலை அலையாகத் தெரியும். உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது.

வளைசட்டத்தில்தான் கணக்கு வேலை அதிகம். தரையைத் தொடும் வளைவை ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் மையம், உட்கார்ந்தவரின் எடைமையத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்தவர் திரும்பி வரமாட்டார், கவிழ்வார். மையம் ரொம்ப மேலே போனால், அதாவது வளைவு ரொம்பத் தட்டையானால், நாற்காலி வெடுக்கு வெடுக்கென்று குறுகி ஆடும். இந்த வகை நாற்காலிக்கு ஆரத்தை 40 அங்குலத்தை ஒட்டி வைப்பது வழக்கம். உட்கார்ந்தவரின் எடைமையம் தரையிலிருந்து இரண்டடி சொச்சம் உயரத்தில் இருக்கும் என்பதால் ஆட்டம் நிதானமாக, தானே அடங்குவதாக அமையும். மலூஃபின் வளைசட்டம் பின்னால் நீண்டு வால்போல் எழும்புவதும் வெறும் ஒய்யாரம் அன்று. கால் உதைத்துப் பின்னே அதிகமாகச் சாய்ந்தால் அந்த நீட்சிதான் கவிழாமல் தாங்குகிறது. இடத்தை மிச்சப்படுத்த வாலை வெட்டிச் சுருக்கிய நகல்களை, குழந்தைகள் ஏறி விளையாடும் வீட்டில் வைக்கக்கூடாது.

வளைசட்டம் ஒற்றை மரத்தில் அறுத்ததாக இருந்தால் வாங்காதீர்கள். வளைவின் இரு முனையிலும் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, ஒருநாள் வால் முறிந்து விழும். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனமுள்ள சீவல்கள் ஏழெட்டை அச்சில் வளைத்து ஒட்டியதே சரி. இங்கே பசையின் தேர்வு முக்கியம். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் மெல்ல மெல்ல வழுக்கும். வளைவு நாளடைவில் விரிந்து, இரண்டு சட்டமும் இரண்டு விதமாகிவிடும். யூரியா ரெசின் பசையோ எபாக்சியோ போட்டு ஒரு முழுநாள் கிளாம்பில் வைக்க வேண்டும். இரண்டு சட்டத்தையும் ஒரே அச்சில் எடுக்க வேண்டும். வளைவு சற்று மாறினாலும் நாற்காலி ஆட ஆட ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். கடையில் பார்க்கும்போது இருபது முப்பது தடவை ஆடிவிட்டு, தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்தைக் காலோடு சேர்க்கும் முன் ஒரு சோதனை செய்வது நல்ல பட்டறையின் அடையாளம். கிளாம்பில் மட்டும் பிடித்து, ஆளை உட்கார வைத்து, சட்டத்தை அரை அங்குலம் முன்னே பின்னே நகர்த்திப் பார்ப்பார்கள். காலைத் தூக்கிக்கொண்டால் லேசாகப் பின்சாய்ந்து நிற்கிற இடம் கிடைத்ததும் குறித்து, உருளை மரஆணிக்கு (டவல்) துளை போட்டு ஒட்டுவார்கள். உங்கள் உயரம், எடை சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

மரம். மலூஃப் பெரும்பாலும் கறுப்பு வால்நட்டில் செய்தார். ஒரு நாற்காலிக்கு 35 முதல் 45 போர்டு அடி வேண்டும். நம் மரக்கடைக் கணக்கில் மூன்றிலிருந்து நான்கு கன அடிக்குள். அதில் பாதிக்குமேல் துண்டாகவும் தூளாகவும் போய்விடும். விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வால்நட்டின் வெளிறிய வெளிமரத்தை அழகுக்காக விட்டிருந்தால், சூடான ஊர்களில் அந்தப் பகுதிதான் முதலில் உளுக்கும். அடிப்பக்கத்தில் குண்டூசித் துளைகளும் மாவுபோன்ற தூளும் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ இந்த நாற்காலியைக் கொண்டுவருபவர்களுக்கு ஈரப்பதக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அங்கே வீட்டுக்குள் மரம் 8 சதவீத ஈரத்தில் நின்றிருந்தால், கடலோர ஊரில் 12 சதவீதத்தைத் தாண்டும். 20 அங்குல அகல வால்நட் இருக்கை, தட்டை ரேகைப் பலகையாக இருந்தால், அந்த நாலு சதவீதத்துக்கே ஏறக்குறைய ஒன்றே முக்கால் நூல் அகலும். தலைச்சட்டத்தில் ரேகை இடமிருந்து வலமாக, அதன் நீளத்தோடு ஓடுவதால் அது நீளாது. கீழே கால்கள் விலக, மேலே விலகாமல் நிற்க, பின்கால்கள் மெல்ல முறுக்கேறும். நல்ல மூட்டு இதைத் தாங்கும். ஸ்குரூவை மட்டும் நம்பிய மூட்டு தாங்காது. தக்கைகள் மயிரிழை அளவு எழும்பி விரலில் தட்டுவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஏசி ஓடும் அறைக்கும் ஓடாத அறைக்கும் மாற்றி மாற்றி இழுப்பதைத் தவிருங்கள்.

தேக்கில் செய்யச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். அதே கணக்கில் தேக்கு ஒன்றேகால் நூலுக்குள் அகலும், அந்த வகையில் வால்நட்டைவிட நிம்மதி. ஆனால் தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டுக்குப் பகை. ஒட்டுவதற்குச் சில நிமிஷம் முன் அசிட்டோனால் துடைத்து, உடனே பசை போட வேண்டும். முந்தின நாள் இழைத்து வைத்த சீவலை அப்படியே ஒட்டினால் வளைசட்டம் ஏடு ஏடாகப் பிரியும். இன்னொரு செய்தி: மலூஃபின் சமகாலத்தவரான அமெரிக்க மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா முப்பதுகளின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி கட்டியபோது அங்கேயே தங்கி, அதற்கான தேக்கு மரச்சாமான்களையும் வடிவமைத்தார். அவருடைய வழி பலகையை அதன் போக்கில் விடுவது, மலூஃபுடையது செதுக்குவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பூச்சு மிகவும் எளிது, இந்தப் பொருளின் பெரிய பலமும் அதுதான். 400 எண் வரை உப்புத்தாள் தேய்த்த பிறகு, யூரிதேன் வார்னிஷ், டங் ஆயில், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மூன்றும் சமபங்கு கலந்து துணியால் தாராளமாகப் பூசி, மரம் குடித்தது போக மிச்சத்தை ஈரம் தெரியாமல் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு ராத்திரி காய வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு நாள். இப்படி மூன்று நான்கு தடவை. கடைசியில் டங் ஆயிலும் ஆளிவிதை எண்ணெயும் சரிபாதி, அதில் தேன்மெழுகைச் சீவிப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவைத்த குழம்பு. நேரடி அடுப்பில் வைக்கக்கூடாது. இந்தக் கலவைகள் மலூஃபின் பேரிலேயே டப்பாவில் கிடைக்கின்றன. வீட்டில் கலப்பதற்கும் அதற்கும் பயனில் பெரிய வித்தியாசமில்லை. துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும், பெரும்பாலான புகார்கள் இதனால்தான். தண்ணீர் டம்ளர் வட்டம் விழும் என்பது உண்மை. அந்த இடத்தை மட்டும் 400 தாளால் தேய்த்து மறுபடி எண்ணெய் போட்டால் போய்விடும். பாலியூரிதேன் ஸ்பிரே அடித்த நகலில் அது முடியாது, முழுக்கையையும் சுரண்ட வேண்டிவரும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.

அசலைத் தேடுபவர்கள் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தொடக்ககாலச் சாமான்களில் மலூஃப், கலிஃபோர்னியா என்ற சூட்டு முத்திரை இருக்கும். பிற்காலத்தவற்றில் எண், ஆண்டு, கையெழுத்து, அமெரிக்கக் கைவினை மன்ற ஃபெலோ என்பதன் சுருக்கெழுத்து ஆகியவை மரத்தில் பொறித்திருக்கும். சிலவற்றில் உதவியாளர்களின் முதலெழுத்துகளும் உண்டு. ஏலத்தில் இவை பல பத்தாயிரம் டாலருக்குப் போகின்றன. அந்தப் பணத்துக்கு வாங்குவது கலைப்பொருளை. தினமும் உட்கார வேண்டும் என்பதே நோக்கமானால், சில ஆயிரம் டாலரிலிருந்து தொடங்கும் நல்ல பட்டறை நாற்காலியே போதும், மூட்டு மட்டும் சரியாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், பட்டறைக்காரர் முன்பு செய்த ஏதேனும் ஒன்றில் கால் சேர்க்குமுன் எடுத்த மூட்டின் படத்தைக் கேளுங்கள். நாக்கும் காடியும் படத்திலேயே தெரிந்துவிடும். தானே செய்ய நினைப்பவர்கள் நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். முதலில் விலை மலிந்த மரத்தில் ஒரு மூட்டை மட்டும் வெட்டிப் பழகுவது மரத்தையும் மனதையும் காக்கும்.

இடம் நிறையக் கேட்கும் சாமான் இது. உயரம் சுமார் 45 அங்குலம், அகலம் 28-க்குள், நீளம் 46-ஐ ஒட்டி. ஆடுவதற்கும் வால் சுவரில் முட்டாமலிருப்பதற்கும் ஏழடி நீளமாவது விடுங்கள். டைல்ஸ் தரையில் சத்தமும் வழுக்கலும் இருக்கும், மணல் துகள் சட்டத்தைக் கீறும். சட்டத்தின் அடியில் மெல்லிய தோல் பட்டை ஒட்டினால் இவை தீரும். உயரம் ஐந்தடிக்குக் குறைந்தவர்களுக்கு வழக்கமான அளவில் இருக்கை ஆழம் கூடுதலாக இருக்கும், கால் தரையில் முழுதாகப் படியாது. ஆழத்தையும் முன்விளிம்பின் உயரத்தையும் ஓரங்குலம் குறைத்துச் செய்யச் சொல்லலாம், மூட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதை வாங்கித் தர நினைத்தால் முதலில் உட்கார வைத்து எழச் சொல்லிப் பாருங்கள். எழும்போது நாற்காலி முன்னே சாய்ந்து, கையூன்றும் இடம் நகரும். அது சிரமமாக இருந்தால், மலூஃப் இதே மூட்டில் செய்த ஆடாத, தாழ்ந்த முதுகுள்ள சாப்பாட்டு மேசை நாற்காலியின் பாணியில் கைவைத்த ஒன்றை ஆர்டர் கொடுப்பது நல்லது. மரமும் குறையும், விலையும் இறங்கும்.